அம்மாவுக்குத் தட்டு இல்லாத காட்சி

“பொம்மப் படம் போடுறவளுக்கு எவன் சோறு போடுவான்?” குடவாசலுக்குப் பக்கத்துக் கிராமத்தில், எங்கள் வீட்டு வாசலில் நின்று பெரியப்பா என்னிடம் கேட்டார். குடும்பத்திலேயே முதல் பட்டதாரி நான் என்ற சான்றிதழ் அன்று என் கையில் இருந்தது. இப்போது டொராண்டோவில் ஓர் அனிமேஷன் நிறுவனத்தில் பொம்மைப் படம்தான் போடுகிறேன், சோறும் கிடைக்கிறது. ஆனால் சென்ற மாதம் என்னை உலுக்கியெடுத்தது அதே சோறுதான்.

இங்கே எடுக்கும் படங்களில் குடும்பம் என்றால் சாப்பாட்டு மேஜை. சண்டை, மன்னிப்பு, பிரிவு எல்லாம் அதைச் சுற்றித்தான் நடக்கும். வந்த புதிதில் ஒரு படத்தில் மகள் அப்பாவைப் பார்த்துக் கத்திவிட்டுக் கதவை அறைந்து சாத்தினாள். தியேட்டரே சிரித்தது, நான் மட்டும் அடுத்து அடி விழும் என்று பயந்து உட்கார்ந்திருந்தேன். இப்போது நாங்கள் செய்வது ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அதில் இரவுச் சாப்பாட்டுக் காட்சியை முழுதாக என்னிடம் கொடுத்தார்கள். தனியாக எனக்குக் கிடைத்த முதல் காட்சி. வெள்ளிக்கிழமைக்குள் சரியாக வராவிட்டால் வேறொருவர் கைக்குப் போய்விடும். அப்பா, இரண்டு பிள்ளைகள், குழம்புக் கரண்டியோடு அம்மா என வரைந்து பெருமையோடு காட்டினேன்.

குழுத் தலைவி லாரா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். “இந்த அம்மாவுக்கு அவர்கள்மேல் என்ன கோபம்?”

“கோபமா? பரிமாறுகிறாள்.”

“அப்படியானால் அவளுடைய தட்டு எங்கே?”

மூன்று தட்டுகள்தான் இருந்தன. நான்காவது நாற்காலியையே நான் வரையவில்லை. எங்கள் ஊரில் அதுதான் அன்பு என்று விளக்க வாயெடுத்தேன். “சரி, பிறகு அவள் எப்படிச் சாப்பிடுவாள்? அதை வரையேன்” என்றாள் லாரா. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பேனாவை எடுத்தேன். கை ஓடவில்லை. இருபத்து நான்கு வருடம் அம்மா போட்ட சோற்றைத் தின்றவள் நான். வீட்டுக்குள் அவள் உட்கார்ந்து சாப்பிட்டு ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை! பரீட்சை நாட்களில், “படிக்கிற புள்ள, நீ மொதல்ல தின்னு” என்று அப்பாவுக்கும் முன்னால் எனக்குப் போடுவாள். வரிசையில் முன்னால் போனதில் எனக்கு அவ்வளவு பெருமை. கடைசியில் நிற்பது யார் என்று திரும்பிப் பார்க்கவேயில்லை.

மறுநாள் அம்மாவுக்குப் போன் செய்து, சாப்பிடும்போது வீடியோவில் வரச் சொன்னேன்.

“ஏண்டி, நான் திங்கிறது என்ன சினிமாவா?” என்று சிரித்தாள்.

“வேலைக்குத்தாம்மா. வரையணும்.”

“அடுப்படியில சட்டியோட நின்னு ரெண்டு வாய் போட்டுக்குவேன். அதப் போயி வரைவியாக்கும்? நடவு அன்னிக்கு வரப்புல வந்து பாரு. பத்து பேரு வட்டமா உக்காந்து, ஒருத்தி தூக்குவாளியில இன்னொருத்தி கைய விட்டு… அங்கதான்டி நான் நல்லா சாப்புடுவேன்.”

“வீட்டுல ஏம்மா உக்கார்றதில்ல?”

“உக்காந்தா தண்ணி கொண்டாம்பாங்க, ரசம் ஊத்தும்பாங்க. வரப்புல யாரு கேக்கப் போறா?”

தண்ணீர் கேட்டவர்களில் நானும் ஒருத்தி.

வெள்ளிக்கிழமை காலை மேஜையை அழித்தேன். அடுப்படியில் நின்றபடி இரண்டு வாய் போட்டுக்கொள்ளும் அம்மா. அடுத்து, சேற்றுக் காலோடு வரப்பில் உட்கார்ந்து, வாய் நிறையச் சோற்றோடு சிரிக்கும் அம்மா. “இவர்கள் இரண்டு பேரா?” என்று கேட்டாள் லாரா. “ஒருத்திதான்” என்றேன். காட்சி என்னிடமே இருக்கிறது.

என் மதியச் சாப்பாட்டு நேரம் அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். “அம்மா உக்கார்ற வரைக்கும் இங்க நான் சோத்துல கை வைக்க மாட்டேன்” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். இன்றும் டப்பாவைத் திறந்து, தண்ணீர் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்தாயிற்று. திரையில் அப்பாவின் தட்டு. பக்கத்தில் புதிதாக இன்னொரு தட்டு. அதன் பின்னால் அம்மாவின் புடவை இடுப்பு வரைக்கும் தெரிகிறது. இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறாள். இங்கே என் சோறு ஆறிக்கொண்டிருக்கிறது.