உறையில் ஒரு பெயர்

இஸ்திரிக் கடைக்காரருக்குப் பெட்டியின் சூட்டை விரல் நுனியில் கணிக்கத் தெரியும். சொந்தத் தங்கையின் சூட்டைத்தான் கணிக்கத் தெரியாமல் போய்விட்டது.

மகளுக்குக் கல்யாணம். பத்திரிகைகளைக் கட்டில்மேல் பரப்பிப் பெயர் எழுத உட்கார்ந்தவர், தங்கையின் உறை வந்ததும் பேனாவை நிறுத்திவிட்டார். புருஷன் செத்து வெகுகாலம் ஒண்டிக்கட்டையாக இருந்தவள், இப்போது ஒரு பஸ் டிரைவரோடு ஒரே வீட்டில் இருக்கிறாள். ஊரறியக் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊருக்கு மறைக்கவும் இல்லை. பெரியண்ணன் போனில் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "அந்தாள் பேரை எழுதின, நான் மண்டபத்து வாசப்படி மிதிக்க மாட்டேன், பாத்துக்க!"

"குடும்பத்துடன்னு எழுதிடுங்களேன். அதுக்குள்ள யாரு வேணா அடங்கிப் போயிடலாம்" என்றாள் மனைவி.

"எந்தக் குடும்பம்னு அண்ணன் கேப்பாரே?"

கடைசியில் தங்கையின் பெயரை மட்டும் எழுதித் தபாலில் போட்டார்.

இத்தனைக்கும் டிரைவரின் காக்கிச் சட்டைகள் வாராவாரம் இவர் மேசைக்குத்தான் வரும். தங்கை கொண்டுவரும் மூட்டையில் அவள் துணியும் அவர் துணியும் ஒன்றாகவே கிடக்கும். அதைத் தனித்தனியாகப் பார்க்க இவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அந்த வாரம் தங்கை வந்து மூட்டையைப் பொத்தென்று வைத்தாள். அவிழ்த்தால் எல்லாம் அவள் துணி. காக்கி ஒன்றுகூட இல்லை.

"என்னம்மா, அவர் சட்டை எங்க?"

"யாரு சட்டைண்ணே? கவர்ல ஒருத்தி பேருதானே இருந்துச்சு? மூட்டையிலயும் ஒருத்தி துணிதான்."

"கல்யாணத்துக்கு வருவல்ல?"

"பாக்கலாம்."

அவள் 'பாக்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று கூடப் பிறந்தவருக்குத் தெரியாதா? மனைவி நோயில் படுத்திருந்தபோது, கைக்குழந்தையாக இருந்த மகளைத் தோளில் போட்டு வளர்த்தவள் அவள். "அத்தை இல்லாம எனக்கென்ன கல்யாணம்?" என்று மகள் வேறு ஒரு மூலையில். இவர் யோசனையில் யாருடைய கைக்குட்டையையோ தீய்த்துவிட்டார்.

"கைக்குட்டையோட போச்சு. முதல்ல போய் ஒழுங்கா அழைச்சிட்டு வாங்க" என்றாள் மனைவி.

"அண்ணன்?"

"அவர் சட்டையும் இங்கதானே இஸ்திரிக்கு வருது? கசங்கின சட்டையோட எங்க போயிடுவாரு!"

புது உறையில் இரண்டு பெயரையும் ஒரே வரியில் எழுதி, தபாலை நம்பாமல் தானே எடுத்துப் போனார். தங்கை வேலைக்குப் போயிருந்தாள். கதவைத் திறந்தவர் டிரைவர். இஸ்திரிக்காரரின் கண் அவர் முகத்துக்குப் போகவில்லை; சட்டையின் சுருக்கங்களில் போய் நின்றது. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த பேச்சை மடித்து வைத்துவிட்டு, இரண்டு கையாலும் உறையை நீட்டினார்.

"மாப்ள... ரெண்டு பேரும் வந்துடணும்."

இதுவரை 'சார்' என்று மட்டுமே கூப்பிட்ட வாய் அது.

டிரைவர் உறையைப் பார்த்தார். வாங்கிக்கொண்டு உள்ளே போனார். போனவர் வரக் காணோம். உறையைத் திருப்பிக் கொடுத்துவிடுவாரோ என்று இவர் வாசலிலேயே நின்றார்.

வந்தவர் கையில் ஒரு மூட்டை இருந்தது.

"அந்த வெள்ளைச் சட்டைக்கு மட்டும் கொஞ்சம் கஞ்சி போடுங்க மச்சான். கல்யாணத்துக்குப் போடணும்."