களைந்த தண்ணீரில் ஒரு ரிசோட்டோ

என் மனைவிக்கு மசக்கை கண்ட அந்த ஐப்பசியில், பால் எங்கள் வீட்டு வாசற்படி ஏறக் கூடாது என்று ஆகிவிட்டது. பால் காய்ச்சும் வாசனை, மோர், நெய், பக்கத்து ஃப்ளாட்டில் வெண்ணெய் உருக்கினால்கூடக் குளியலறைக்கு ஓடுவாள். அதோடு போனால் பரவாயில்லை. சாம்பார் ஆகாது, ரசம் ஆகாது, இட்லித் தட்டைத் திறந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மூன்றாவது மாதம், எடை இறங்கிக்கொண்டே போனது. "திங்கட்கிழமை வரைக்கும் பார்ப்போம். வயித்துல எதுவும் நிக்கலைன்னா அட்மிட் பண்ணி ட்ரிப்ஸ் ஏத்திடலாம்" என்று சேலையூர் டாக்டரம்மா சொல்லியிருந்தார். முந்தைய வருஷம் இதே மூன்றாவது மாதத்தில்தான் ஒன்றை இழந்திருந்தோம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் தானாகவே பேசினாள். "இத்தாலியில கீழ் வீட்டம்மா ஒரு சோறு கொடுத்து அனுப்புவாங்களே, மஞ்சளா, கொழகொழன்னு. அது இருந்தா சாப்பிடுவேன்னு தோணுதுப்பா."

கம்பெனி வேலையாக நாங்கள் ஒரு வருஷம் அங்கே இருந்தோம். அவள் சொன்னது ரிசோட்டோ. எல்லோரும் அதில் வெண்ணெயும் சீஸும் கொட்டுவார்கள். கீழ் வீட்டம்மாவின் கணவருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது என்பதால் அவர் மட்டும் எதுவும் சேர்க்காமல் செய்வார். ஆனாலும் பாயசம் மாதிரி வழுவழுவென்று இருக்கும். அந்த வழுவழுப்பு எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாளாவது கேட்டேனா? தட்டை வழித்துத் தின்றதோடு சரி. இப்போது அந்தக் கேள்வி மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு தூங்கவிடவில்லை.

இணையத்தில் தேடினால் இலையுதிர் காலத்துக் காய்கறிகள் என்று போட்டிருந்தது. தாம்பரத்தில் ஏது இலையுதிர் காலம்? முடிச்சூர் ரோட்டில் தண்ணீர் நிற்கும் காலம்தான் உண்டு. பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய் ஒரு பத்தை பரங்கிக்காயும் கேரட்டும் ஒரு பாக்கெட் காளானும் வாங்கினேன். ஆலிவ் எண்ணெய் மருந்துக் கடையில் கிடைத்தது, குழந்தைகளுக்குத் தேய்த்துவிட விற்பது. அரிசிதான் யோசிக்க வைத்தது. அந்த ஊர் அரிசி குட்டையாக இருக்கும், வேகும்போது மாவு விடும். நம் ஊரில் மாவு விட்டுக் குழைகிறது என்று எல்லோரும் திட்டுகிற அரிசி எது? புது அரிசி.

"புதுப் பச்சரிசி கீதான்னா கேக்குற?" என்றார் அரிசி மண்டிக்காரர். "ஊரே பழசு குடு, பழசு குடுன்னு பேஜார் பண்ணிகினு கீது. நீ இன்னா சார், குழையிறதைத் தேடிகினு வந்துகீற?"

"குழையணும்ணே, அதுக்குத்தான்."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அளந்து போட்டார்.

தன் மகளைப் பார்த்துக்கொள்ள மதுராந்தகத்திலிருந்து என் மாமியார் வந்திருந்தார். எண்ணெய்ப் புட்டியைப் பார்த்ததும், "பொறக்கறதுக்கு முன்னாடியே எதையும் வாங்கி வைக்கக் கூடாது மாப்ளே" என்று முகம் சுருங்கினார். சமையலுக்கு என்று சொல்லிச் சமாதானப்படுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நான் பரங்கிக்காயின் தோலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அவர் அரிசியை எடுத்துக் களைந்து வைத்துவிட்டார். எனக்கும் அதில் எதுவும் தப்பாகப் படவில்லை. அரிசி என்றால் களையத்தானே வேண்டும்?

வெங்காயத்தை வதக்கி, அரிசியைப் புரட்டி, காய் வேகவைத்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விட்டுக் கிண்டினேன். அரிசி வெந்தது, சேரவில்லை. பருக்கை ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம். பதறிப்போய்த் தேங்காய்ப் பால் பிழிந்து ஊற்றினேன். அந்த வாசனை கூடத்தை எட்டியதும் குளியலறைக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. அவள் வாய் கொப்பளிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கரண்டியும் கையுமாக நின்றேன். அன்றைக்குச் சனிக்கிழமை.

பாத்திரம் கழுவப் போனபோது தொட்டியின் ஓரத்தில் ஒரு பாத்திரம் நிறைய அரிசி களைந்த தண்ணீர் இருந்தது. கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்ற மாமியார் எடுத்து வைத்தது. மேலே தெளிந்து, அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது. விரலைவிட்டுத் தேய்த்துப் பார்த்தேன். வழுவழுவென்று இருந்தது. அட, நான் தேடியதை எல்லாம் செடிக்கு ஊற்ற வைத்திருக்கிறோமே என்று தோன்றியது.

"அத்தை, நாளைக்கு அரிசியைக் களையாம போட்டுடலாமா?"

முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த கை நின்றது. "வாய்க்கரிசியைத்தான் மாப்ளே களையாம போடுவாங்க" என்றார் மெதுவாக. "வயித்துப் புள்ளைக்காரிக்கு அதைப் போட நான் விடமாட்டேன். போன தடவை பட்டது போதும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இந்தக் காலத்தில் போய் இப்படியா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் கண் கலங்கியிருந்தது. அவருக்கு இருந்த பயம்தான் எனக்கும் இருந்தது, எனக்கு அதை ஒரு பேர் சொல்லிச் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான். அந்தப் பாத்திரத்தை எடுத்துப் போய்ச் செடிக்கு ஊற்றினேன்.

ராத்திரி முழுக்க யோசித்துவிட்டுக் காலையில் கேட்டேன். "அத்தை, நீங்க எத்தனை தடவை வேணாலும் களைஞ்சுக்குங்க. முதல் தண்ணியைக் கீழே கொட்டிடுங்க. மத்த தண்ணியை எனக்குக் கொடுங்க."

"அது எதுக்கு?"

"நீங்க புளிக்குழம்புக்கு ஊத்துவீங்களே, அந்த மாதிரிதான்."

"அதுல தப்பில்லை" என்றார். பிறகு உட்கார்ந்து, தோஷம் எல்லாம் போய்விட வேண்டும் என்பது போல் அரிசியை அந்தத் தேய்ப்புத் தேய்த்தார். தண்ணீர் இன்னும் கெட்டியாக வந்தது. நான் இன்னொரு பாத்திரத்தை நகர்த்தி வைத்தேன்.

அந்தத் தண்ணீரில் கேரட்டும் பரங்கித் தோலும் போட்டுக் கொதிக்கவிட்டு வடிகட்டினேன். ஒவ்வொரு கரண்டியாக விட்டு, அது வற்றியதும் அடுத்தது. வெந்த பரங்கிக்காயில் பாதியை மசித்துச் சேர்த்தேன், காளானைத் தனியே வதக்கிக் கடைசியில் போட்டேன். மாமியார் பக்கத்திலேயே நின்று எட்டி எட்டிப் பார்த்தார்.

"பொங்கல் மாதிரிதானே இருக்கு? மூடி வெச்சுட்டு வேற வேலையைப் பாருங்களேன்."

"மூடினா ஒரேயடியா குழைஞ்சுடும் அத்தை. கிண்டினாத்தான் மாவு இறங்கும், பருக்கையும் நிக்கும்."

"கொடுங்க இப்படி" என்று கரண்டியை வாங்கிக்கொண்டார். சோறு மெல்ல மஞ்சளாகச் சேர்ந்து, கரண்டியைத் தூக்கினால் சோம்பலாக வழிந்தது.

மனைவி முதல் வாயை வெகுநேரம் மென்றாள். "இது அது மாதிரி இல்லைப்பா" என்றாள். இரண்டாவது வாயும் எடுத்தாள். தட்டில் பாதிவரை சாப்பிட்டுவிட்டு அப்படியே ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள்.

வழக்கமாகச் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் எழுந்து ஓடுவாள். நானும் மாமியாரும் கூடத்தில் உட்கார்ந்து அந்தச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். டிவி போடவில்லை. வெளியே மழை விட்டது, மறுபடி பிடித்தது. கட்டில் கிறீச்சிட்டதும் இருவரும் ஒன்றாக எழுந்துவிட்டோம். அவள் குளியலறையைத் தாண்டி எங்களை நோக்கி வந்தாள்.

"அம்மா, பசிக்குது."

மாமியார் என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு அடுப்பங்கரைக்கு ஓடினார்.