இறக்கைக்குப் போட்ட உறை

செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் மனை வாங்கிய வேதசிரோமணி, வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே நீளமாக ஒரு கொட்டகையைப் போட்டுவிட்டார். தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவர் கைத்தொழில் ஆசிரியர். வருஷா வருஷம் பையன்களைச் சோப்புப் பெட்டி செய்ய வைத்து அலுத்துப்போயிருந்த சமயத்தில், வெளிநாட்டிலிருந்து ஒரு கட்டு வரைபடம் தபாலில் வரவழைத்தார். இரண்டு பேர் உட்காரக்கூடிய சின்ன மர விமானம். அது நடந்தது 1963-இல். வீடு அடுத்த வருஷமே முடிந்து குடிவந்துவிட்டார்கள். கொட்டகையில் வேலை ஓடிக்கொண்டே இருந்தது.

அடுத்த வீட்டு யக்ஞநாராயணனுக்கு ஏஜீஸ் ஆபீசில் வேலை. காலையில் ரயிலுக்குக் கிளம்பும்போது காம்பவுண்டுச் சுவருக்கு மேல் தலையை நீட்டாமல் போகமாட்டார்.

"என்ன வேதம் சார், எப்போ பறக்கப்போறேள்?"

"உங்க பீச் வண்டி நேரத்துக்கு வர்ற அன்னிக்கு, சார்."

"அப்போ இந்த ஜென்மத்துல இல்லேன்னு சொல்லுங்கோ!"

மனைவி மெட்டில்டாவுக்கு அந்த விமானத்தின் மேல் கோபமும் இல்லை, பெருமையும் இல்லை. வீட்டில் பெரிய பீரோ ஒன்று இருந்தால் அதற்கும் தூசி தட்டித்தானே ஆகவேண்டும் என்கிற மாதிரி அதை எடுத்துக்கொண்டாள். துணி வேலை வந்தபோதுதான் அது அவளுடையதாகவும் ஆயிற்று. சபையின் மாதர் சங்கத்தில் பாடகர் குழுவின் அங்கி முதல் பீடத்து விரிப்பு வரை தைப்பவள் அவள். இறக்கையின் மேல் போர்த்தும் துணியைத் தலையணை உறை மாதிரி தைத்து மாட்ட வேண்டும், அப்புறம் இறக்கையை நிமிர்த்தி நிறுத்தி, உள்ளே இருக்கும் ஒவ்வொரு மர விலாவோடும் முடிச்சுப் போட்டுத் தைக்க வேண்டும் என்று அவர் விளக்கியபோது, "இவ்வளவுதானா? இதுக்கா இத்தன நாளு யோசிச்சீங்க?" என்றாள்.

விலாத் தையலுக்கு இரண்டு ஆள் வேண்டும். இறக்கைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். முழங்கை நீள ஊசி துணிக்குள் நுழைந்து மறுபக்கம் வரும். வந்ததும் வாங்கிக்கொண்டு, பக்கத்துத் துளை வழியாகத் திருப்பி அனுப்ப வேண்டும். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. வால் பகுதியைப் புருஷனும் பெண்சாதியும் அப்படித்தான் தைத்து முடித்தார்கள்.

"வந்துச்சா?"

"வந்துச்சு. இழுங்க. உங்க தங்கச்சி வீட்டுக் கல்யாணத்துக்கு எனக்கு எந்தச் சேலைன்னு கேட்டேனே?"

"ஊசி வருது, விரல எடு."

"சேலைன்னதும் ஊசி வந்துரும்."

வாலும் உடம்பும் இன்னும் துணி போர்த்தாத கட்டையாக இருந்தபோது, மீனம்பாக்கத்திலிருந்து விமானச் சோதனை அதிகாரி ஸ்ரீரங்கன் ஒரு தடவை வந்திருந்தார். விளக்கடித்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. மெட்டில்டா காபியோடு வருவதற்குள் ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டார். மரத்துண்டுகளின் ஒட்டுகளைப் பார்த்துத் திருப்திப்பட்டு, மரத்தில் சின்னதாக ஒரு முத்திரை குத்திவிட்டுத்தான் போனார் என்பதைக் கணவர் அவளிடம் சொல்லவில்லை. அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தானே என்று நினைத்துவிட்டார். அவளோ, வந்த மனுஷனுக்குத் தோலில்லாமல் வெறும் எலும்பைக் காட்டினால் யாருக்குத்தான் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

1968 ஏப்ரலில் இறக்கைகள் தயாராயின. ஸ்ரீரங்கன் ஒரு சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்கு முந்தின வாரம் வேதசிரோமணிக்குச் செங்கல்பட்டில் பரீட்சை மேற்பார்வை. மதுரை மில்லில் வேலை பார்க்கும் மெட்டில்டாவின் அண்ணன் சொல்லி வைத்து வாங்கி அனுப்பிய துணியில் இடது இறக்கைக்கு உறை தைத்தாகிவிட்டது. அந்த அகலத்தில் அவ்வளவு நெருக்கமான நெசவு இனி கிடைக்காது, தறியையே மாற்றிவிட்டார்கள் என்று அண்ணன் எழுதியிருந்தார். "அளவு சரியான்னு மட்டும் மாட்டிப் பாரு" என்று சொல்லிவிட்டு வேதசிரோமணி ரயில் ஏறினார்.

மாட்டிப் பார்த்தார்கள். சுருக்கமில்லாமல் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. கைக்கு உதவியாக வந்திருந்த மாதர் சங்கத்துப் பெண்கள் கைதட்டினார்கள். வந்த கையோடு தபீதாள் ஊசியை எடுத்துவிட்டாள். மெட்டில்டாவுக்குச் சின்னம்மா மகள், வாயும் கையும் சமமாக ஓடுபவள்.

"மச்சான் வர்றதுக்குள்ள முடிச்சுருவோம்க்கா. அன்னைக்கு எலும்பக் காட்டி அனுப்புன மாதிரி இந்தத் தடவையும் காட்டக் கூடாது."

சனிக்கிழமை காலை வேதசிரோமணி கொட்டகைக்குள் வந்தபோது, வலது இறக்கை மரச்சட்டமாகக் கிடந்தது. இடது இறக்கை வெள்ளை வெளேரென்று, வரிசை வரிசையாக முடிச்சுகளோடு நின்றது. பையைக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நல்லாயில்லியா?" என்றாள் மெட்டில்டா.

"நல்லா இருக்கு. அதான் கஷ்டமா இருக்கு."

மூடுவதற்கு முன்னால் அதிகாரி உள்ளே பார்த்தாக வேண்டும் என்று அப்போதுதான் சொன்னார். பார்க்காத இறக்கைக்கு அனுமதி கிடையாது. இறக்கைக்கு அனுமதி இல்லையென்றால் ஐந்து வருஷ வேலை கொட்டகைக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான்.

"இத எங்கிட்ட எப்பவாவது சொன்னீங்களா?"

"தெரியும்னு நெனச்சேன்."

"நான் என்ன ஏரோப்ளேன் வீட்டுலயா பொறந்தேன்?"

அதற்குள் தபீதாளும் மற்றப் பெண்களும் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். கேசரி, வாழைக்காய் பஜ்ஜி எல்லாம் தயார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து யக்ஞநாராயணன், "பொண்ணு பார்க்க வராளா சார்? ஜாதகம் பொருந்தித்தா?" என்றார். வேதசிரோமணிக்கு ஒரே நம்பிக்கைதான். ஒவ்வோர் ஒட்டும் தன் கையால் போட்டது, சத்தியம் பண்ணிச் சொன்னால் அந்த மனுஷர் கேட்கமாட்டாரா?

ஸ்ரீரங்கன் வந்தார். துணியின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"தையல் யாரு?"

"நாங்கதான் சார்" என்றாள் தபீதாள், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு.

"எங்க வொர்க் ஷாப்புல இப்படி வராது." பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அவர் வேதசிரோமணி பக்கம் திரும்பினார். "உள்ளே யார் பார்த்தா?"

"நான் பார்த்தேன் சார். ஒட்டு ஒவ்வொண்ணும் என் கையால..."

"நீங்க பொய் சொல்லமாட்டீங்க, தெரியும். ஆனா மேலே போய் ஒண்ணு விட்டுடுச்சுன்னா, நான் பார்க்கலேன்னுதானே ஆகும்? வலது இறக்கையைப் பார்த்துட்டுப் போறேன். இதைத் திறந்து வெச்சுட்டுச் சொல்லி அனுப்புங்க. அடுத்தது எப்போ வர முடியும்னு தெரியலை. என்னை டெல்லிக்கு மாத்தப்போறாங்க."

வேதசிரோமணி மேசையிலிருந்த கத்தியை எடுத்தார். இறக்கை நுனியில் வைத்தார்.

"அத வைங்க அங்க," என்றாள் மெட்டில்டா. "துணியக் கிழிச்சா அப்புறம் எங்க போறது? டோப்பு அடிச்சீங்களா இதுக்கு?"

டோப் என்பது துணியை இறுக்கி மரத்தோடு ஒட்டவைக்கும் வார்னிஷ். அதன் நெடி ஆகாதென்று டின்னை அவர் அலமாரியில் பூட்டிவிட்டுப் போயிருந்தார்.

"இல்ல."

"ஒட்டல இல்ல? அப்ப தச்சதப் பிரிச்சா கழண்டு வந்துரும். சார், நீங்க அந்தச் செறகப் பாருங்க. பார்த்துட்டுப் பஜ்ஜி சாப்பிடுங்க. அதுக்குள்ள ஆகும்."

"அம்மா, இத்தனை முடிச்சு..."

"போட்டவங்களுக்குத் தெரியும் சார், எத்தனைன்னு."

தன் முடிச்சை வெட்டும்போது தபீதாள் ஒவ்வொன்றுக்கும் ஏதோ முனகினாள். "சுத்தமாப் போட்டேன், பாரு, கழட்டவே வர மாட்டேங்குது. வேதம் மச்சான், இதுக்குக் கூலி கேக்க மாட்டேன், ஆனா மறக்கவும் மாட்டேன்." நல்ல சேலைகளின் முந்தானையை எல்லாரும் இடுப்பில் செருகியிருந்தார்கள். இறக்கையின் இரண்டு பக்கமும் கத்தரி சத்தம். சுவருக்கு மேலே இருந்த யக்ஞநாராயணனின் தலை கொஞ்ச நேரத்தில் வாசல் வழியாக முழு ஆளாக வந்து, நூல் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கியது. வேதசிரோமணிக்கு எங்கே நிற்பதென்று தெரியவில்லை. கேசரித் தட்டைப் பிடித்துக்கொண்டு அதிகாரியின் பின்னால் அலைந்தார்.

கடைசித் தையலும் போனபின், நான்கு பேர் பிடித்து உறையை உருவினார்கள். அது பாதி வழி வந்தபோது உள்ளே எதுவோ உருண்டு, விலாக்களுக்கு நடுவே தங்கியது. ஸ்ரீரங்கன் விளக்கைக் காட்டிக் கையை விட்டு எடுத்தார். தைக்கும்போது மாட்டிக்கொள்ளும் பித்தளை விரல்கவசம்.

"ஐயோ, என்னுது!" என்றாள் தபீதாள். "இதக் காணோம்னு எங்க மாமியாரோட சண்டை போட்டேனே!"

"கம்பி ஓடற கப்பிக்குப் பக்கத்துல இருந்ததும்மா. அதுல சிக்கினா மேலே போய் விமானத்தைத் திருப்ப முடியாது," என்றார் ஸ்ரீரங்கன். அவர் சிரிக்கவில்லை. மற்றவர்களும் சிரிக்கவில்லை. வேதசிரோமணி தட்டைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். சத்தியம் பண்ணத் தயாராக இருந்த ஆள் அவர்தான்.

அதிகாரி ஒவ்வோர் ஒட்டாகப் பார்த்தார். மதியத்துக்கு மேல், இறக்கையின் நடுத்தண்டில் முத்திரையை வைத்து அழுத்தினார். இந்தத் தடவை மெட்டில்டா பக்கத்திலேயே நின்றாள்.

"இதுதானா? இவ்வளவு சின்னதா?"

"இவ்வளவுதான்மா. இனிமே மூடலாம்."

திங்கட்கிழமை மறுபடி தைத்தார்கள். பழைய ஊசித் துளைகள் அப்படியே இருந்ததால் கோடு போடுகிற வேலை மிச்சம். கடைசி ஓரத்தை மூடுவதற்கு முன் தபீதாள் எல்லாருடைய விரல்கவசத்தையும் கேட்டு வாங்கி, மேசை மேல் வரிசையாக வைத்தாள்.

அடுத்த வருஷம் அந்த விமானம் பறந்தது. ஓட்டியவர் ஃபிளையிங் கிளப் பயிற்சியாளர், பக்கத்து இருக்கையில் வேதசிரோமணி. தாம்பரம் ரயிலடியையும் வீட்டுப் பக்கத்து ஏரியையும் மேலிருந்து பார்த்ததாகச் சொன்னார். கொட்டகைக் கூரையில் இரண்டு ஓடு விலகியிருந்ததையும் சொன்னார். அதற்குப் பிறகு வருஷாந்திரச் சோதனைக்குத் தேதி வந்தால், முதல் நாளே மெட்டில்டா போய் இறக்கைகளின் அடியில் உள்ளே பார்ப்பதற்கென்று வைத்திருந்த சோதனை மூடிகளை எல்லாம் திறந்து வைத்துவிடுவாள். புது அதிகாரி ஒருவர், "நான் சொன்னப்புறம் திறந்தா போதும்மா" என்றார்.

"பரவாயில்ல சார், நல்லாப் பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டு அவள் காபி போடப் போனாள்.