சங்கு ஊதும் வரைக்கும்

டெலிபோன் என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் ஒன்பது எழுத்து. அந்த ஒன்பதையும் சித்தி அடுப்புக்கரியால் சிமெண்டுத் தரையில் எழுதிய மதியம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. எழுத்துகள் எப்போதும்போல இடம் விட்டு, நிமிர்ந்து, அழகாகத்தான் இருந்தன. எங்கள் தலைக்கு மேலே பரணில், பழைய அண்டாவுக்கும் பாய்ச் சுருட்டுக்கும் நடுவில், சித்தப்பா மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருந்தார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு சித்தியுடையது. அம்மா வேலைக்குப் போய்விடுவதால் பள்ளி இல்லாத நாட்களில் நானும் தம்பியும் அங்கேதான் கிடப்போம். சித்தி தவளக்குப்பத்துப் பெண், பத்தாவது முடித்தவள், பிள்ளை இல்லாதவள். எங்களைச் சமாளிக்க அவள் கண்டுபிடித்து வைத்திருந்த வழி இந்த விளையாட்டு. ஒரு பெரிய ஆங்கில வார்த்தையைத் தரையில் எழுதிப் போடுவாள். அதில் இருக்கும் எழுத்துகளை மட்டும் வைத்துச் சின்னச் சின்ன வார்த்தைகளாக எழுதித் தள்ள வேண்டும். கார்ப்பென்டர் என்று போட்டால் கார், பென், கார்ப்பெட், ட்ரீ என்று வரும். பெரிய வார்த்தையில் ஒருமுறை வரும் எழுத்தை நாமும் ஒருமுறைதான் எடுக்கலாம். இந்த விஷயத்தில் சித்தி துளியும் இரக்கம் காட்டமாட்டாள். சோறு இரண்டாம் முறை கேட்டால் கிடைக்கும், எழுத்து கிடைக்காது.

விளையாட்டுக்கு முடிவு மில் சங்கு. மூன்று மணிக்கு அது ஊதினால் பென்சிலைக் கீழே வைத்துவிட வேண்டும். காலை ஷிப்ட் முடிந்து சித்தப்பா கிளம்பிவிட்டார் என்று அர்த்தம். சித்தி கரிக்கையைப் புடவையில் துடைத்தபடி அடுப்பு பற்றவைக்க ஓடுவாள். அந்த ஓட்டத்தில் ஒரு புதுப்பெண் துள்ளல் இருக்கும். கல்யாணமாகி ஏழெட்டு வருஷம் ஆனவளுக்கு இது கொஞ்சம் அதிகம் என்று என் அம்மா முணுமுணுப்பாள்.

பிறகு மில்லை மூடினார்கள். போனஸ் தகராறில் ஆரம்பித்தது, கதவடைப்பில் வந்து நின்றது. மாதக்கணக்கில் சங்கு ஊதவில்லை. எங்கள் தெருவில் நேரம் என்பதே இல்லாமல் போனது. ஆண்கள் பகலெல்லாம் டீக்கடை வாசலில் நின்றார்கள், பெண்கள் அரிசியைப் பார்த்துப் பார்த்து அளந்தார்கள். ஒருநாள் மில் கேட்டில் கைகலப்பாகி யாரோ ஒரு அதிகாரிக்கு மண்டை உடைந்தது. சங்கத்தில் முன்னால் நின்றவர்களையெல்லாம் போலீஸ் தேடியது. பிடிபட்டவர்களுக்கு விழுந்த அடியைப் பற்றித் தெருவில் பேசிக்கொண்டதை நாங்களும் கேட்டோம். அவர்களில் ஒருவரான சித்தப்பா எங்கெங்கோ ஒளிந்துவிட்டு, கடைசியில் சொந்த வீட்டுப் பரணுக்கே வந்து சேர்ந்தார்.

அதுமுதல் விளையாட்டு வேறு காரணத்துக்காக நடந்தது. தம்பிக்கு ஏழு வயது, ஓட்டை வாய். பென்சில் கையில் இருக்கும்வரை அவன் வாய் திறக்காது என்பது சித்திக்குத் தெரியும். அதனால் காலையில் ஒரு வார்த்தை, மதியம் ஒரு வார்த்தை என்று போட்டுக்கொண்டே இருந்தாள். நாங்கள் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே இருந்தோம். தெருவில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், அவள் முகம் வெளுத்துவிடும்.

டெலிபோன் எழுதிய அன்று அந்தச் சத்தம் சித்தி வீட்டு வாசலிலேயே நின்றது. வந்தவர் ஒரு ஏட்டு, தனியாகத்தான் வந்தார். புதுச்சேரி போலீசுக்கே உரிய அந்தச் சிவப்புத் தொப்பியைக் கழற்றி, குனிந்து உள்ளே நுழைந்தார்.

"இன்னாம்மா, ஊட்டுக்காரரு வந்தாரா?"

"வரல ஏட்டய்யா. எங்க இருக்காருன்னே தெரியல."

"சரி, வர்றப்ப வரட்டும். நான் இப்படி ஓரமா ஒக்காந்துக்கிறேன்."

அரட்டவில்லை, உருட்டவில்லை, பரணை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார். கத்திக் கூச்சல் போட்டிருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்கமாட்டேன். தம்பி ஏட்டையும் பார்த்தான், மேலேயும் பார்க்கப் போனான். சித்தி அவன் தலையைப் பிடித்துத் தரைப்பக்கம் திருப்பி, "எழுதுடா, அக்கா முந்திடுவா" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

ஏட்டு தரையை எட்டிப் பார்த்தார். "அட, இந்த வெளயாட்டா! எங்க பள்ளிக்கூடத்துல பிரெஞ்சு வார்த்தைய வச்சு ஆடுவோம்" என்றார். எனக்கும் ஒரு தாள் கொடு என்று கையை நீட்டினார். சித்தி கொடுத்தாள், வேறு என்ன செய்வாள்? "நீயும் எழுதும்மா" என்றவர், கைக்கடிகாரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "சங்கு ஊதற வரைக்கும். யாருக்கு அதிகம்னு பாத்துடுவோம்" என்றார்.

எங்களுக்கு விளையாட்டு என்றாலே சங்கு வரைக்கும்தான். அதனால் அந்தப் பேச்சு எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. சித்தி தலையை ஆட்டிவிட்டுக் குனிந்துகொண்டாள்.

அதன்பிறகு அந்த அறையில் பென்சில் கீறும் சத்தம் மட்டும்தான். நான் பென், டென், ஹென், நெட் என்று எழுதினேன். ஹோட்டல் கிடைத்தது. வேறு நாளாக இருந்தால் கத்தியிருப்பேன். ஒன்பது எழுத்தில் நான்கு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தன, ஹெல்ப். அதை எழுதினால் ஏட்டு எங்களைக் கண்டுபிடித்துவிடுவார் என்று எனக்கு ஒரு பைத்தியக்காரப் பயம். சித்தியின் தாளை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவளும் எழுதவில்லை. அவ்வளவு கெட்டிக்காரிக்கு அது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. பரணிலிருந்து மெல்லிய தூசு ஒரு இழை போல இறங்கியது. சித்தி தும்முவதுபோல முகத்தை மூடிக்கொண்டாள்.

"ஹெல்ப்புன்னு ஒண்ணு இருக்குதே, யாரும் எழுதல?" என்றார் ஏட்டு.

"கண்ணுல படல சார்" என்றாள் சித்தி. அவள் மேலுதட்டில் வியர்வை பூத்திருந்தது.

ஏட்டு மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். அந்த நேரத்தில்தான் மில் சங்கு ஊதியது.

எத்தனை மாதம் கழித்துக் கேட்ட சத்தம்! தெருவே ஒருகணம் செத்துப் பிழைத்தது. கதவுகள் திறந்தன, யாரோ யார் பெயரையோ சொல்லிக் கூவினார்கள். தம்பி பென்சிலைக் கீழே போட்டான், நானும் போட்டேன். சித்தி அடுப்படிப் பக்கம் பாதி எழுந்தேவிட்டாள். ஏட்டு மட்டும் அசையவில்லை. எழுதுவதை நிறுத்திவிட்டு, தலையைச் சாய்த்து, எதற்கோ காத்திருந்தார்.

பரணில் அண்டா உருண்டது. நங்கென்று சுவரில் மோதி, சுற்றிச் சுற்றி, நிற்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"எலி" என்றாள் சித்தி.

"எறங்கி வரச் சொல்லும்மா" என்றார் ஏட்டு. "சாப்பிட்டுட்டே கெளம்பட்டும். நான் அவசரப்படுத்தல."

சித்தப்பா இறங்கினார். சித்தி பழையதைப் பிழிந்து வைத்தாள். இரண்டு வாய்க்கு மேல் அவருக்கு இறங்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு, என் தலையையும் தம்பி தலையையும் தொட்டுவிட்டு, சிவப்புத் தொப்பிக்குப் பின்னால் நடந்தார். மில் திறக்கவே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஒளிந்திருந்தவர்கள் வெளியே வரட்டும் என்று யாரோ சொல்லிக் கொடுத்து ஊதவைத்த சங்கு அது. நம்பிக்கையோடு கேட் வரை ஓடியவர்களையெல்லாம் அங்கேயே வேனில் ஏற்றியிருந்தார்கள். இதை யோசித்த மூளையை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. எங்களோடு உட்கார்ந்து சமர்த்தாக வார்த்தை எழுதிய ஏட்டையும்தான்.

சித்தப்பா சில மாதம் கழித்து, ஒரு காது சரியாகக் கேட்காமல், திரும்பி வந்தார். மில்லில் அவருக்கு வேலை இல்லை. சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டினார், பிறகு சொந்தமாக ஒரு பெட்டிக்கடை வைத்தார். சித்தி அதற்கப்புறம் எங்களுக்கு எந்த வார்த்தையும் போட்டதில்லை. போடச் சொல்லி நாங்கள் கேட்டதும் இல்லை. "சங்கு ஊதற வரைக்கும்னு அந்த ஆளு சொன்னப்பவே எனக்கு ஒறச்சிருக்கணும்டி" என்று மட்டும் எப்போதாவது சொல்லித் தன்னையே திட்டிக்கொள்வாள்.

இப்போது என் பேத்தி கைப்பேசியில் இதே விளையாட்டை ஆடுகிறாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் அது ஒரு சத்தம் எழுப்பி அவளைப் பாராட்டுகிறது. சித்தப்பாவின் காரியம் முடிந்த வாரம், சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் அதை ஆடிக்கொண்டிருந்தாள். சித்தி வெகுநேரம் திரையையே பார்த்தாள். நான் மெதுவாக, இத்தனை வருஷம் மனசில் கிடந்ததைக் கேட்டேன். அவ்வளவு நாள் அசையாமல் படுத்திருந்த மனுஷன், அன்றைக்கு ஏன் அசைந்தார், சித்தி? தூக்கத்தில் இருந்தாரா?

"தூங்கல. திரும்பி வந்த அன்னிக்கே நானும் கேட்டேன்டி" என்றாள் சித்தி. "கீழ ஏட்டு ஒக்காந்திருக்கான்னு அவருக்கு நல்லாத் தெரியும். சங்கு கேட்டதும் அதெல்லாம் மறந்தே போச்சாம். 'மில்லு தொறந்துட்டாங்கடி, இனிமே நீ அரிசிக்கு யார் ஊட்லயும் போயி நிக்க வேணாம்'னு எங்கிட்ட சொல்றதுக்குத்தான் எழுந்தாராம்."