தோல் ஷாப்பில் ஒரு வியாழக்கிழமை

முதலில் 'தொம்' என்று ஒரு சத்தம் வரும். அதன் பின்னாலேயே, ஈரத் துணியைக் கல்லில் போட்டதுபோல 'சளப்' என்று இன்னொன்று. கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் தொம், சளப். அதற்கு மேல்தான் கிளாரினெட் எழும்பும், கீபோர்டு வரும், கடைசியாக என் குரல் வரும். என் அக்கா இசையமைத்து முதன்முதலில் பதிவு செய்த பாட்டு இப்படித்தான் தொடங்கும். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அந்தக் கேசட்டைப் போட்டுக் காட்டும்போதெல்லாம் நான் முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டுவிடுவேன். "அந்தத் தொம்மக் கண்டுக்காதீங்க, பக்கத்து ஷெட்டுல தோல் பதப்படுத்துற டிரம்மு ஓடிக்கிட்டிருந்துச்சு" என்பேன். முப்பது வருஷத்துக்கும் மேலாக இதே பல்லவிதான். அக்கா ஊருக்கு வந்திருந்தால் அவளும் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே சிரிப்பாள், ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள்.

திண்டுக்கல்லில் மாதா கோயில் பள்ளிக்கூட வாத்தியார் வீட்டுப் பெண்ணுக்கு ஜாஸ் எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அப்பாவின் சிற்றலை ரேடியோவிலிருந்து வந்தது. அவர் செய்தி கேட்டு முடித்ததும் அக்கா குமிழைத் திருக ஆரம்பிப்பாள். எங்கோ ஒரு நாட்டு நிலையத்திலிருந்து, கரகரப்புக்கு நடுவே, ஒரு சாக்ஸபோன் வந்து வந்து போகும். எனக்கு அது தாளம் தப்பிய வாசிப்பாகத்தான் கேட்டது, சொல்லவும் செய்தேன். "தப்பா வாசிக்கலடி. வேணும்னேதான் பிந்தி வாராங்க. தாளம் எங்கயும் ஓடிப்போகாது, பையத்தான் வருவோமேன்னு வாராங்க" என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே பூசையில், சனங்கள் நன்மை வாங்கும்போது பாடும் பாட்டுக்கு, கோயில் கீபோர்டில் அவள் விரல்கள் எங்கெங்கோ போய்வந்தன. பூசை முடிந்ததும் சாமியார் அவளைக் கூப்பிட்டார். "பாட்டு நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா சனங்க முழங்கால்ல நிக்கவா, எந்திரிக்கவான்னு தெரியாம முழிக்கிறாங்க" என்றார். அக்கா தலையை ஆட்டிவிட்டு வந்தாள். அடுத்த வாரமும் அப்படியேதான் வாசித்தாள்.

சென்னையில் ஒரு இசையமைப்பாளருக்கு அவள் எழுதிப் போட்டிருந்தாள். சொந்தமாக ஒரு பாட்டு செய்து கேசட்டில் அனுப்பு, பார்க்கலாம் என்று பதில் வந்தது. அந்த ஒரு கேசட்டில்தான் அவள் ஆசை முழுவதும் இருந்தது. அப்போது எங்கள் ஊரில் ஒலிப்பதிவுக்கூடம் ஏது? கோயிலுக்குள் வைத்துப் பார்த்தோம், ஒரு சுரம் அடங்குவதற்குள் அடுத்தது வந்து எல்லாம் கூழானது. வீட்டில் வைத்தால் பஸ் ஹாரனும் குக்கர் விசிலும் எங்களோடு சேர்ந்து பாடின. கடைசியில் அவள் கண்டுபிடித்த இடம் பேகம்பூர்ப் பக்கம் ஒரு தோல் ஷாப்பு. தோல் பதப்படுத்தும் ஆலையை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அதன் முதலாளியின் மகள்களுக்கு அவள் கணக்கு டியூஷன் எடுத்துவந்தாள், வீடும் ஷாப்பும் ஒரே மதிலுக்குள் இருந்தன. காய்ந்த தோல்களைக் கூரை வரைக்கும் தொங்கவிட்டிருந்த கிடங்குக்கு என்னை இழுத்துக்கொண்டு போய், நடுவில் நின்று பலமாகக் கை தட்டினாள். தட்டிய இடத்திலேயே சத்தம் படுத்துவிட்டது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பழனி மலையேறிச் சாமியைப் பார்த்தவர் முகம் போல இருந்தது.

முதலாளி தங்கமான மனுஷர். "வெள்ளிக்கிழமை வந்துருங்கம்மா. ஷாப்பு லீவு, டிரம்மும் ஓடாது. ஒரு சத்தம் இருக்காது" என்றார். அக்கா, "இல்ல பாய், வியாழக்கிழமையே வாரோம்" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அமைதியான இடம் தேடி ஊரெல்லாம் அலைந்துவிட்டு, அமைதியான நாளை வேண்டாம் என்கிறாளே என்று வழியெல்லாம் சண்டை போட்டேன். "வெள்ளிக்கிழமை அந்த எடம் செத்துப்போய்க் கெடக்கும்டி" என்று மட்டும் சொன்னாள். பிடிவாதக்காரி, எதற்கும் காரணம் சொல்லிப் பழக்கமில்லாதவள். அதையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்துக்கொண்டேன்.

கிளாரினெட் வாசிக்க எரியோட்டிலிருந்து ஓர் அண்ணன் வந்தார். பேண்டு செட்டில் சாவு ஊர்வலங்களுக்கு வாசிப்பவர். கிடங்குக்குள் நுழைந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "எழவு வீட்டுல கூட இம்புட்டு நாத்தம் இருக்காது தாயி" என்றார். ஆனால் அக்கா கீபோர்டில் இரண்டு கட்டை அழுத்திக் காட்டியதும் மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டார். முதலாளி வீட்டு டேப் ரெக்கார்டரை ஒரு தோல் கட்டின் மேல் வைத்தோம். பாட்டு, பஸ் ஸ்டாண்டில் பிந்திவரும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒரு பெண்ணைப் பற்றியது, வரிகளும் அக்காவுடையவைதான். நானோ பாடற்குழுவில் வளர்ந்தவள், தாளம் விழுந்ததும் வாயைத் திறந்துவிடுவேன். அதனால் அவள் எனக்கு ஒரே ஒரு கட்டளை போட்டாள். "எதையும் எண்ணாத. என் தாடையவே பாரு. நிமித்தும்போது பாடு. அம்புட்டுத்தான்." சுவருக்கு அந்தப் பக்கம், தோலைத் தண்ணீரோடு போட்டுச் சுற்றும் மர டிரம் தொம்மென்றும் சளப்பென்றும் உருண்டுகொண்டிருந்தது. நான் நினைத்த இடத்தில் எல்லாம் அந்தத் தாடை நிமிரவில்லை. எப்போதும் ஒரு மூச்சு தாமதித்தே நிமிர்ந்தது. பாவம், பயந்துபோயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு பாடினேன்.

வீட்டுக்கு ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு கேசட்டை அனுப்பினோம். சில வாரங்களில் சென்னையிலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். விளம்பரங்கள், ஆவணப் படங்கள், சில பக்திப் பாடல் தொகுப்புகள் என்று நிறைய இசையமைத்தாள். தெரிந்தவர்களுக்குத் தெரியும். எல்லாம் ஒரு தூசு சத்தம் இல்லாத கூடங்களில் பதிவானவை. போன வருஷம் இறந்துபோனாள். இன்னும் சில நாள் காலையில் போனை எடுத்து அவள் எண்ணைத் தேடுகிறேன்.

அவள் மகன் சென்னையில் ஒலிப்பொறியாளன். முதலாம் ஆண்டு நினைவுக்கு அம்மாவின் ஆரம்பகாலப் பாட்டுகளைத் தொகுக்கிறேன் என்றான். கேசட்டைக் கொடுத்தனுப்பினேன். "தம்பி, அந்தத் தொம்ம மட்டும் எடுத்துரு, உங்கம்மா மனசு குளுந்துரும்" என்று சொன்னதும் நான்தான். பத்து நாளில் கூப்பிட்டான். குரலில் தயக்கம் இருந்தது.

"சத்தம் சுத்தமாப் போயிருச்சு சித்தி. ஆனா பாட்டு நிக்கல. எல்லா வரியிலயும் நீங்க லேட்டா வாரீங்க, அம்மாவும் தடுமாறுறாங்க. முதல் முயற்சிதானே. தொகுப்புல இத விட்ருவோம். தெரியாதவங்க கேட்டா சிரிப்பாங்க."

என் அக்காவைக் கேட்டு யாராவது சிரிப்பதா? அவன் அனுப்பியதை உடனே போட்டுக் கேட்டேன். அவன் சொன்னது உண்மைதான். படி இருக்கிறது என்று காலை வைத்து, இல்லாமல் தடுக்கிவிழுகிறவளைப் போல ஒவ்வொரு வரியிலும் என் குரல் விழுந்தது. கிளாரினெட் காரணமில்லாமல் நின்று நின்று போனது. தாங்க முடியாமல் இன்னொரு தடவை போட்டேன். அத்தனை வருஷம் கேட்ட பழக்கம், என் கை தானாகச் சாப்பாட்டு மேசையைத் தட்டியது. தொம், சளப். பாட்டு எழுந்து நின்றது. கையை எடுத்தேன், விழுந்தது. மறுபடி தட்டினேன், நின்றது. கிளாரினெட் அண்ணன் சரியாக அந்த இடைவெளியை மட்டும் நிரப்பிக்கொண்டு போகிறார். ஒவ்வொரு சளப்புக்கும் பின்னால்தான் நான் வருகிறேன். ஒரு இடத்தில் கூடத் தவறவில்லை. அக்கா பயப்படவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் காதை வைத்துக்கொண்டு, எனக்காகத் தாடையை நிமிர்த்தியிருக்கிறாள். அதற்காகத்தான் வியாழக்கிழமை. இசை என்றால் என்னவென்றே தெரியாமல் தோலை உருட்டிக்கொண்டிருந்த ஒரு மர டிரம்மைத் தன் குழுவில் சேர்த்துக்கொண்டு, நான் கேட்ட மன்னிப்புக்கெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து காபியும் குடித்திருக்கிறாளே, எப்பேர்ப்பட்டவள்! சொல்லியிருக்கலாமே என்று கோபமும் வந்தது. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன்.

அவனைக் கூப்பிட்டேன். "தம்பி, எடுத்தத திரும்பப் போடு."

"எத சித்தி?"

"அந்தப் பாட்டுல நாலு பேருப்பா. நீயும் நானுமா ஒருத்தர வெளிய அனுப்பிட்டோம்."

அவன் பழைய பிரதியைப் போட்டுக் கேட்பது போனிலேயே எனக்குக் கேட்டது. பாட்டு முடிந்ததும் இன்னொரு தடவை போட்டான். பிறகு "அம்மா" என்றான், என்னிடம் அல்ல.

போன மாதம் கோயில் மண்டபத்தில் அவள் நினைவு நாளில் அந்தப் பாட்டைத்தான் முதலில் போட்டார்கள். தொம் என்றதும் முன்வரிசையில் ஒருவர், என்ன விழுந்தது என்று திரும்பிப் பார்த்தார். வழக்கம்போல மன்னிப்புக் கேட்க என் வாய் திறந்தது. மூடிக்கொண்டேன். சளப் என்றது. என் தாடை தானாக நிமிர்ந்தது.