துப்பாக்கியை முடுக்கிய காவலாளி

எண்ணூரில் நாங்கள் துப்பாக்கி சுட்டுப் பழகும் இடத்துக்கு அவர்தான் காவல். நரைத்த கிருதா, சட்டைப் பையில் ஸ்க்ரூ முடுக்கும் ஆலன் கீ. நாற்காலி, கதவு, எது ஆடினாலும் முடுக்கிவிடுவார்.

மாவட்ட அணித் தேர்வன்று மேசையில் கிடந்த என் மகளின் துப்பாக்கியையும் முடுக்கிவிட்டார். இரும்பை மரக்கட்டையோடு பிடிக்கும் ஸ்க்ரூக்களுக்கு ஓர் அளவு உண்டு. மீறினால் மரம் நசுங்கும், குறி தப்பும். தப்பியது. அவள் தேறவில்லை.

“உன்னை எவன்யா தொடச் சொன்னான்?”

“லூஸா கீதேன்னு முடுக்கினேன் சார். சுடச்சொல்ல பாப்பா மூஞ்சில கழண்டு வந்தா இன்னா பண்றது?”

“அது கழண்டு வராதுய்யா.”

“உனக்குத் தெரியும். எனக்கு இன்னா தெரியும்?”

மறுவாரம் அவள் சுடும்போது கதவோரம் நின்றார். ஒவ்வொரு வெடிக்கும் கண்ணை இறுக மூடினார். என் கோபம் தீரவில்லை. ஆனால் அவரையே பார்த்துக்கொண்டிருந்ததில், அவள் எடுத்த புள்ளிகளை நான் கவனிக்கவே இல்லை.