கீழ்கொல்லைக்குப் போன பன்றிகள்

ஒரு கருவி வேலை செய்கிறது என்று எப்போது சொல்லலாம்? பொறியியல் படித்த நான்கு ஆண்டுகளில் எவரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. கல்வராயன் மலையில், ஓர் அரசுப் பள்ளியின் அறிவியல் மன்ற மேசைமேல் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி உரச்சாக்கு ஒன்றைக் கொண்டுவந்து வைத்த பிறகுதான் இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மலையேறும் பேருந்தில் வெள்ளிக்கிழமைதோறும் அந்தப் பள்ளிக்குப் போவேன். பாடம் நடத்துவது என் வேலையல்ல. மதியத்துக்கு மேல் பிள்ளைகளோடு உட்கார்ந்து, கையால் செய்து பார்க்கும் வேலைகளுக்குத் துணை நிற்க ஒரு தொண்டு அமைப்பு என்னை அனுப்பியிருந்தது. கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி இறங்கும்போதே பாதி உயிர் போயிருக்கும். பள்ளியில் எனக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் என்னைவிடக் களைத்திருப்பார்கள். மழைக்காலம் தொடங்கி மரவள்ளி கிழங்கு பிடிக்கும் மாதங்களில் காட்டுப்பன்றிகள் கொல்லைகளில் இறங்கும். வீட்டுக்கு ஒருவராவது பரணில் உட்கார்ந்து இரவெல்லாம் தகரம் தட்ட வேண்டும். பெரியவர்கள் வேலை தேடிக் கேரளத்துக்குப் போய்விட்ட வீடுகளில் அந்த ஒருவர் பள்ளிக்கூடப் பிள்ளையாகத்தான் இருப்பார். காலை முதல் பாடவேளையில் பாதி வகுப்பு மேசைமேல் தலைசாய்த்திருக்கும்.

ஆகவே, மன்றத்தில் என்ன செய்யலாம் என்று கேட்டபோது அவர்களே சொன்னார்கள்: பன்றியை விரட்டும் மணி.

செய்வது கடினமாக இல்லை. துணி மாட்டும் கிளிப்பின் இரு வாய்களிலும் செம்புக் கம்பியைச் சுற்றி, நடுவே ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செருகினோம். அந்தத் துண்டிலிருந்து கொல்லையின் ஓரமாக ஒரு மெல்லிய கயிறு ஓடும். பன்றியின் கால் பட்டுக் கயிறு இழுபட்டால் துண்டு உருவிக்கொள்ளும், கம்பிகள் ஒட்டும், பழைய பைக் பேட்டரியில் மாட்டிய சைரன் அலறும். சிறிது நேரத்தில் அலறல் தானாக அடங்குவதற்கான சிறு பலகையைச் சால்டரிங் செய்தவள் கீழ்கொல்லைக்காரி. மன்றத்தில் அவளை அப்படித்தான் அழைத்தார்கள். ஓடையோரச் சரிவில் அவள் வீட்டுக் கொல்லை கீழே இருந்தது. அதற்கு மேலே, காட்டை ஒட்டி இருந்த கொல்லை அவளுடைய தோழியுடையது. அந்தத் தோழி மேல்கொல்லைக்காரி. காட்டிலிருந்து ஓடை வழியாக இறங்கும் பன்றிகள் முதலில் நுழையும் இடம் மேல்கொல்லை என்பதால் கருவியை அங்கே வைத்தோம்.

அது வேலை செய்தது. சில வாரங்களில் மேல்கொல்லைக்காரி முதல் பாடவேளையிலேயே கேள்வி கேட்கும் பெண்ணாக மாறினாள். கள்ளக்குறிச்சியில் நடக்கவிருந்த கண்காட்சிக்கு எங்கள் கருவியை அனுப்பத் தலைமையாசிரியர் முடிவு செய்தார். அதே வாரங்களில் கீழ்கொல்லைக்காரி மேசைமேல் தலைசாய்க்கத் தொடங்கினாள். பிறகு சில நாள்கள் வரவேயில்லை.

வந்த நாளில்தான் உரச்சாக்கைக் கொண்டுவந்தாள். உள்ளே சைரனும் கிளிப்பும் அவள் செய்த பலகையும் இருந்தன. பின்னாலேயே மேல்கொல்லைக்காரி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“மிஸ், எங்க கொல்லையிலருந்து அவுத்துக்கினு வந்துட்டா மிஸ். ஒரு வார்த்த கேக்கல.”

“கேட்டா குடுத்துடுவியா?”

“உன்னுதா அது? பள்ளிக்கூடத்து சாமான்.”

“பள்ளிக்கூடத்து சாமான்னா உங்க கொல்லைய மட்டும் இன்னாத்துக்குக் காக்குது? உங்க வூட்ல ஊதுச்சுனா எல்லாப் பன்னியும் நேரா எங்க வூட்டுக்குத்தான் வருது. முன்னாடி ரெண்டு வரும். இப்ப குடும்பத்தோட வருது.”

“நீ நல்லா சமைக்கறல்ல, அதான்” என்றான் மூலையில் கம்பி உரித்துக்கொண்டிருந்த ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

“அம்மா அரையாண்டோட நின்னுடுன்னு சொல்லிடுச்சு மிஸ். அப்பா ஊர்ல இல்ல. தம்பி சின்னவன். பரண்ல ஒக்கார ஆளு வேணும்ல?”

சிரிப்பு நின்றுவிட்டது. தோழியைப் பார்த்துக்கொண்டே மேல்கொல்லைக்காரி சுவரோரமாக உட்கார்ந்தாள். இதை அவள் அப்போதுதான் கேள்விப்பட்டாள் என்பது முகத்தில் தெரிந்தது.

இன்னொரு சைரன் செய்து கீழ்கொல்லையிலும் வைத்துவிடலாம் என்று ஒரு குரல் எழுந்தது. “அப்புறம் அது எங்க மாமா கொல்லைக்குப் போவும்” என்றது அடுத்த குரல். கரும்பலகையில் ஓடையை வரைந்து கொல்லைகளை ஒவ்வொன்றாகக் குறித்தபோது, பன்றியை விரட்டவில்லை, அடுத்த வீட்டுக்கு வழிகாட்டியிருக்கிறோம் என்பது எல்லோருக்கும் விளங்கியது. பன்றிக்குப் பசி தீரவில்லை. அதைத் தீர்க்கும் கருவி எதுவும் எங்கள் பெட்டியில் இல்லை. இருந்த சாமான்களைக் கொண்டு அந்தப் பெண்ணைப் பள்ளியில் தக்கவைக்க முடியுமா என்பது மட்டுமே அன்று எங்கள் முன் இருந்த வேலை.

வழி ஒரு குறையிலிருந்து வந்தது. மேல்கொல்லையில் மரநிழல் அதிகம். அங்கே வைத்த சிறிய சோலார் தகடு பேட்டரியை முழுதாக ஏற்றவே இல்லை. திங்கட்கிழமைகளில் மேல்கொல்லைக்காரி அந்தப் பேட்டரியை இடுப்பில் வைத்துப் பள்ளிக்குச் சுமந்துவந்து சார்ஜ் போட்டுக்கொண்டு போவாள். “கொழந்தைக்குப் பால் குடுத்தியா?” என்று பிள்ளைகள் அவளைக் கேலி செய்வது வழக்கமாகியிருந்தது. கீழ்கொல்லை வீட்டின் தகரக் கூரையிலோ நாளெல்லாம் வெயில். தகட்டை அந்தக் கூரைக்கு மாற்றி, சைரனை இரண்டு கொல்லைகளுக்கும் நடுவிலுள்ள வரப்பில் நட்டு, கயிற்றை இரண்டின் ஓடைப் பக்கத்துக்கும் சேர்த்து இழுத்தால் ஒரே கருவி இரண்டையும் காக்கும். இதைச் சொன்னவள் கீழ்கொல்லைக்காரி. கயிறு தன் வீட்டு எல்லையிலும் ஓட வேண்டும் என்பதால், அப்பாவிடம் கேட்காமல் முடியாது என்றாள் மற்றவள்.

மறுநாள் சனிக்கிழமை. இரண்டு பெண்களோடும் சரிவில் ஏறினேன். மேல்கொல்லைக்காரியின் அப்பா களை வெட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டு முடிக்கும்வரை மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை.

“கல்யாணம் ஆன நாள்லருந்து மழக்காலத்துல எனக்குத் தூக்கம் கெடயாது டீச்சர். இப்பத்தான் ஒடம்ப நீட்டிப் படுக்கறேன். அதப் போய் பங்கு கேக்கறீங்களே.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அந்த மனிதரின் தூக்கத்தைக் குறைத்துத்தான் இந்தப் பெண்ணுக்குத் தூக்கம் தர வேண்டுமா என்று எண்ணியபடி நின்றேன். மகள்தான் பேசினாள்.

“போன வாரம் மானம் மூடிக்கினு இருந்துச்சே, ஊதுச்சாப்பா?”

“ஊதல.”

“அன்னிக்கு எத்தினி செடி போச்சு?”

அவர் சாய்ந்து கிடந்த செடிகளின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“அவங்க வூட்டு மேல வெயிலு ஜாஸ்தி. பேட்டரி எப்பவும் ஃபுல்லா இருக்கும்பா.”

“அது சரி. ஒரு நாளு சண்டை வந்து அவங்க பேட்டரி குடுக்கலன்னா?”

“நீங்க கயித்த அவுத்துட்டா நாங்க இன்னா பண்ணுவோம் பெரிப்பா?” என்றாள் கீழ்கொல்லைக்காரி.

அவர் மண்வெட்டிக் காம்பில் கையூன்றி அவளைப் பார்த்தார். “படிச்சிட்டு வக்கீலா போ நீ. இங்க பன்னி ஓட்டாத” என்றார். பிறகு கயிறு கட்டும் குச்சிகளைத் தாமே வெட்டித் தந்தார்.

அதன் பிறகும் எல்லாம் சீராக நடக்கவில்லை. கயிறு நீண்டதால் காற்றுக்கே சைரன் ஊதியது. இரண்டு வீட்டாரும் வீணாக எழுந்து எங்களைத் திட்டினார்கள். கயிற்றை இடையிடையே குச்சி நட்டுத் தாங்கி, கிளிப்பின் பிடியை இறுக்கி, மறுபடி மறுபடி இழுத்துப் பார்த்து அதைச் சரிசெய்வதற்குள் மன்றத்தில் பாதிப் பேருக்கு அந்தக் கருவியின் பெயரைக் கேட்டாலே சலிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். மலையிறங்கும் பேருந்தில் உட்கார இடம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொள்வேன்.

கண்காட்சிக்கும் போனோம். கருவியோடு கரும்பலகைப் படத்தைப் பெரிய தாளில் வரைந்து எடுத்துச் சென்றோம். பன்றிகள் முன்பு வந்த வழியும் இப்போது போகும் வழியும் அதில் இருந்தன. நடுவர் படத்தைப் பார்த்துவிட்டு, “அப்போ பிரச்சினை தீர்ந்ததா, தீரலையா?” என்று கேட்டார்.

“எங்க ரெண்டு வூட்டுக்குத் தீந்துச்சு சார்” என்றாள் கீழ்கொல்லைக்காரி.

பரிசு, சாண எரிவாயுக் கலத்தின் மாதிரி ஒன்றுக்குப் போனது. திரும்பும்போது பேருந்தில் இரண்டு பெண்களும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள்.

கீழ்கொல்லைக்காரி அரையாண்டோடு நிற்கவில்லை. பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதினாள். பன்றிகள் இப்போது ஓடைக்கு அந்தப் பக்கத்துக் கொல்லைக்குப் போகின்றன. அந்த வீட்டிலிருந்து எங்கள் மன்றத்துக்கு வரும் பிள்ளை எவரும் இல்லை.